அடுக்களையின் ஓவியர்

நுழையும்முன்

அரசர்களையும் போர்க்களங்களையும் தீட்டியவர்களே பெரிய ஓவியர்கள் என்று மதிக்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் வெங்காயத்தையும் முட்டையையும் செம்புப் பானையையும் தம் வாழ்நாளெல்லாம் வரைந்துகொண்டிருந்தவர் பிரான்ஸ் நாட்டின் ஷார்தேன். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தச்சர் வீட்டுப் பிள்ளை

பாரிஸ் நகரின் சேன் தெருவில், 1699ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், தச்சர் ஒருவரின் மகனாக ழான் பத்தீஸ்த் சிமெயோன் ஷார்தேன் பிறந்தார். தந்தை அரண்மனைக்குப் பில்லியர்டு ஆட்ட மேசைகள் செய்து கொடுத்தவர். அத்தகைய மேசை மயிரிழை சாய்ந்தாலும் பந்து ஒருபக்கமாக உருண்டுவிடும். மரத்தை இழைத்து, மட்டம் பார்த்து, மீண்டும் இழைக்கும் அந்தப் பொறுமை வீட்டுச் சொத்தாகவே மகனுக்கு வந்து சேர்ந்தது போலும். பிற்காலத்தில் அவர் ஒரு சிறிய ஓவியத்திற்காக மாதக்கணக்கில் உழைத்ததைக் காணும்போது அவ்வாறு எண்ணத் தோன்றுகிறது.

தம் தொழிலையே மகனும் தொடர்வான் என்று தந்தை எதிர்பார்த்தார். அதனால் இலத்தீன் மொழியோ பண்டைய வரலாறோ பயிலும் உயர்கல்வி சிறுவனுக்குக் கிட்டவில்லை. அன்றைய ஓவிய உலகில் இது சிறு குறை அன்று. அதன் வடு இறுதிவரை அவர் நெஞ்சில் இருந்தது. மகனின் நாட்டம் ஓவியத்தில் என்பதை அறிந்த தந்தை, பின்னர் அவரைப் பியேர் ழாக் காஸ் என்னும் ஓவியரிடம் மாணவராகச் சேர்த்தார். அங்கு ஆசிரியர் வரைந்தவற்றைப் பார்த்துப் பார்த்து வரைவதே பாடம். எதிரில் ஒரு பொருளை வைத்து, அதை உற்றுநோக்கி வரையும் வழக்கம் அங்கே மிகக் குறைவு.

திருப்பம் ஒரு துப்பாக்கியின் வடிவில் வந்தது. நொயேல் நிக்கோலா குவாப்பெல் என்னும் ஓவியர், வேட்டைக் கோலத்தில் நிற்கும் ஒருவரின் உருவப்படத்தில் துப்பாக்கியை மட்டும் வரைந்து தருமாறு இளைஞர் ஷார்தேனைப் பணித்தார். வரையத் தொடங்குமுன் குவாப்பெல் அத்துப்பாக்கியை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்து, ஒளி அதன் மீது எங்ஙனம் விழுகிறது என்று நெடுநேரம் ஆராய்ந்தார். படத்தின் ஓர் ஓரத்தில் வரும் ஒரு துணைப்பொருளுக்கு இத்தனை அக்கறையா என்று ஷார்தேன் வியந்தார். ஒளியையும் நிறத்தையும் உள்ளவாறே காண்பது எவ்வளவு அரிது என்பது அன்றுதான் அவருக்குப் புலப்பட்டது.

இளமைக் குறும்பு ஒன்றும் அவர் வாழ்வில் உண்டு. தந்தையின் நண்பரான அறுவை மருத்துவர் ஒருவர், தம் கடைக்கு ஒரு பெயர்ப்பலகை எழுதித் தரும்படி கேட்டார். கத்தி, கத்தரி முதலிய கருவிகளை வரிசையாக வரைந்தால் போதும் என்பது அவர் எண்ணம். ஷார்தேனோ வாட்சண்டையில் காயமுற்ற ஒருவனை மருத்துவரின் வாசலுக்குத் தூக்கி வருவதையும், தெருவே திரண்டு வேடிக்கை பார்ப்பதையும் நீண்ட பலகையில் தீட்டினார். விடியுமுன், மருத்துவர் உறங்கும் வேளையிலேயே அப்பலகையை மாட்டியும்விட்டார். காலையில் கடைவாசலில் கூடிய கூட்டத்தைக் கண்டு பதறி எழுந்த மருத்துவர் முதலில் சினந்தார். ஊரார் புகழக் கேட்டபின் வாயடைத்துப் போனார்.

ஏணியின் கடைசிப் படி

ஷார்தேன் எதை எதிர்த்து நின்றார் என்பதை அறிய, அக்காலத்து ஓவிய உலகின் ஒழுங்கை அறிதல் வேண்டும். 1648ஆம் ஆண்டு பாரிஸில் அரச ஓவியக் கழகம் நிறுவப்பட்டது. அக்கழகத்தார் ஓவியங்களை அவற்றின் பாடுபொருளைக் கொண்டு தரம் பிரித்தனர். சமயக் கதைகள், தொன்மங்கள், வரலாற்று நிகழ்வுகள் ஆகியவற்றைத் தீட்டும் வரலாற்று ஓவியம் ஏணியின் உச்சியில் இருந்தது. அதற்குக் கீழே உருவப்படம். பின்னர் அன்றாட வாழ்க்கைக் காட்சிகளும் நிலக்காட்சிகளும் விலங்குகளும். கடைசிப் படியில் பூ, பழம், பாத்திரம் போன்ற அசையாப் பொருள்களின் ஓவியம். மனிதனை வரைபவன், அதிலும் மனிதனின் வீரச்செயலை வரைபவன் உயர்ந்தவன். உயிரற்றதை வரைபவன் தாழ்ந்தவன் என்பது அவர்கள் வகுத்த நெறி. இத்தகைய ஓவியத்தைப் பிரெஞ்சு மொழியில் 'இறந்த இயற்கை' என்று பொருள்படும் சொல்லால் சுட்டுவர். பெயரே ஒரு தீர்ப்பைப் போல ஒலிக்கிறது.

பதவி, ஊதியம், பெரிய விலை, அரண்மனைப் பணி எல்லாம் இந்த ஏணியை ஒட்டியே அமைந்தன. வரலாற்று ஓவியர் அல்லாத ஒருவர் கழகத்தில் பேராசிரியர் ஆதலும் இயலாது. திறமை மிக்க எந்த இளைஞனும் உச்சிப் படியையே நோக்குவான். இலத்தீன் அறியாத, பழங்கதைகள் பயிலாத தச்சர் மகனுக்கு அவ்வழி எளிதாகத் திறக்கவில்லை. ஆனால் ஷார்தேன் கடைசிப் படியில் நின்றது அவ்வியலாமையால் மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. ஒரு முயல் அவரை அங்கே நிறுத்தியது என்றும் கூறலாம்.

யாரோ அவருக்கு வேட்டையாடிய முயல் ஒன்றைக் கொடுத்தனர். அதை வரைந்து பார்க்க அவர் விரும்பினார். முயலின் மென்மயிரை ஒவ்வோர் இழையாக வரையப் புகுந்தால், முடிவதற்குள் பொறுமை போய்விடும், ஓவியமும் வறண்டுவிடும். எனவே தாம் இதுவரை கண்டவற்றையும், பிறர் அவற்றை வரைந்த முறைகளையும் முற்றிலும் மறந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். நுணுக்கங்கள் கண்ணில் படாத தொலைவில் முயலை வைத்தார். அதன் திரட்சி, நிறம், ஒளிபடும் பகுதி, நிழல் தங்கும் பகுதி ஆகியவற்றை மட்டும் மெய்யாகப் பற்ற முயன்றார். கற்றதை மறந்து கண்ணை நம்பிய அந்த முயற்சியிலிருந்தே அவருடைய தனிவழி பிறந்தது.

திருக்கை மீனும் ஒரு பூனையும்

பாரிஸில் கிறிஸ்துவின் திருவுடல் திருவிழாவை ஒட்டி, தோஃபின் சதுக்கத்தில் இளம் ஓவியர்கள் தம் படைப்புகளைத் தெருவோரமாகவே காட்சிக்கு வைப்பது வழக்கம். சில மணி நேரமே நீடிக்கும் காட்சி அது. மழை வந்தால் அதுவும் இல்லை. 1728ஆம் ஆண்டு அங்கே ஷார்தேனின் படங்களும் இருந்தன. அவற்றுள் ஒன்று மக்களைத் தடுத்து நிறுத்தியது.

தோலுரித்து வயிறு கிழிக்கப்பட்ட திருக்கை மீன் ஒன்று கல்சுவரின் முன் கொக்கியில் தொங்குகிறது. அதன் அடிப்பக்கத்து மூக்குத் துளைகளும் வாயும் சேர்ந்து, வேதனையோடு சிரிக்கும் மனித முகத்தைப் போலத் தோன்றுகின்றன. கீழே கல்மேடையில் வாய்பிளந்த சிப்பிகள். அவற்றின் மேல் கால் பதித்து, முதுகை வளைத்து, மயிர் சிலிர்த்து நிற்கும் ஒரு பூனைக்குட்டி. வலப்புறம் ஒரு சாடி, சில பாத்திரங்கள், கசங்கிய வெள்ளைத் துணி, மேடையின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கத்தியின் பிடி. அடுக்களையில் சமையலுக்கு முன் காணும் காட்சிதான். ஆயினும் குருதியும் ஈரமும் படிந்த அந்த மீனின் இளஞ்சிவப்பும் முத்து வெண்மையும் பார்ப்பவரை அருவருக்கவும் வைக்கின்றன. அங்கிருந்து நகரவிடாமல் கட்டியும் போடுகின்றன.

பார்த்தவர்கள் அவரை அரச ஓவியக் கழகத்திற்கு விண்ணப்பிக்குமாறு தூண்டினர். இங்கும் ஷார்தேனின் பழைய குறும்பு தலைகாட்டியது. கழக உறுப்பினர் கடந்து செல்லும் முன்கூடத்தில் தம் படங்களைத் தற்செயலாக வைத்தவை போல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். முதுபெரும் ஓவியரான லார்ஜிலியேர் அவற்றைக் கண்டு நின்றார். இவை பிளெமிய நாட்டுப் பழைய ஓவியர் எவரோ தீட்டியவை என்று எண்ணி மனமாரப் புகழ்ந்தார். பிறகுதான் இளைஞர் முன்வந்து அவை தம்முடையவை என்றார். 1728 செப்டம்பர் 25ஆம் நாள் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. முதலில் தகுதிகாண் அனுமதி, பின்னர் நீண்ட இடைவெளி, அதன்பின் முழு உறுப்பினர் நிலை என்பதே வழக்கம். ஷார்தேனுக்கு இரண்டும் ஒரே நாளில் கிடைத்தன. விலங்குகளையும் பழங்களையும் வரைவதில் வல்லவர் என்னும் பிரிவில் அவர் பெயர் பதிவாயிற்று. சேர்க்கப்பட்டது கடைசிப் படியில்தான். ஆனால் சேர்க்கப்பட்டார்.

ஒரு கேலியும் அதன் விளைவும்

புகழ் வந்தாலும் பொருள் வரவில்லை. மார்கரீத் சேன்தார் என்பவருடன் 1723ஆம் ஆண்டிலேயே திருமணம் உறுதி செய்யப்பட்டிருந்தும் 1731இல்தான் மணம் நடந்தது. அவ்வாண்டே மகன் ழான் பியேர் பிறந்தான். சிறிய படங்களுக்குச் சிறிய விலையே கிடைத்தது; வரைவதிலோ அவர் மிகவும் தாமதக்காரர்.

அக்காலத்தில் அவருடைய நண்பர் ஆவெத் என்னும் உருவப்பட ஓவியர், 400 லீவ்ருக்கு ஓர் உருவப்படம் வரையும் வாய்ப்பைப் போதாத விலை என்று மறுத்தார். அது நல்ல தொகைதானே என்றார் ஷார்தேன். உருவப்படம் வரைவது ஒரு பன்றி இறைச்சிக் கொத்துக்குழல் வரைவதைப் போல எளிதாக இருந்தால் நல்ல தொகைதான் என்று ஆவெத் நகைத்தார். விளையாட்டுச் சொல் அது. எனினும் ஷார்தேனுக்கு அது ஆழத் தைத்தது. பாத்திரங்களும் காய்கறிகளுமே தம் எல்லையோ என்னும் ஐயம் அவருக்கு ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும். 1733ஆம் ஆண்டளவில் அவர் மனித உருவங்களை வரையத் தொடங்கினார்.

மனிதர் வந்தனர், ஆனால் வீரரும் தேவரும் வரவில்லை. துணி துவைக்கும் பெண், சந்தையிலிருந்து ரொட்டியுடன் திரும்பிய பணிப்பெண், பாத்திரம் துலக்குபவள், சோப்புக் குமிழி ஊதும் இளைஞன், சீட்டுக்கட்டால் வீடு கட்டும் சிறுவன், மேசைமீது சுழலும் பம்பரத்தைப் புத்தகத்தை மறந்து நோக்கும் பிள்ளை ஆகியோரே அவருடைய மாந்தர். இவர்களுள் எவரும் நம்மைப் பார்ப்பதில்லை. தத்தம் வேலையில் ஆழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் கவனம் கலைந்துவிடுமோ என்று நாமே மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியுள்ளது.

1740ஆம் ஆண்டு காட்சிக்கு வந்த 'உணவுக்கு முன் மன்றாட்டு' என்னும் ஓவியம் இவற்றுள் பெரும்புகழ் பெற்றது. வெள்ளைத் துணி விரித்த வட்டமேசை. தாய் உணவு பரிமாறக் குனிந்தபடி, கைகுவித்து மன்றாட்டைச் சொல்லித் தடுமாறும் சின்னஞ்சிறு பிள்ளையைப் பார்க்கிறாள். மூத்த பிள்ளையும் பார்க்கிறாள். குட்டி நாற்காலியில் ஒரு விளையாட்டு மத்தளம் தொங்குகிறது. வேறொன்றும் நிகழவில்லை. இந்த ஓவியத்தை ஷார்தேன் பதினைந்தாம் லூயி மன்னருக்கு நேரில் வழங்கினார். போர்க்கள ஓவியங்கள் நிறைந்த அரண்மனையில் இந்தச் சிறு வீட்டு மேசைக்கும் இடம் கிடைத்தது. அவருடைய ஓவியங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படிகளும் வெளிவந்து, ஓவியம் வாங்க வசதியற்ற நடுத்தர மக்களின் சுவர்களைச் சென்றடைந்தன.

இப்புகழுக்கு நடுவே அவர் வீடு இருண்டிருந்தது. 1735ஆம் ஆண்டு மனைவி மார்கரீத் இறந்தார். சிறு மகளும் நெடுநாள் வாழவில்லை. மனைவியின் மறைவுக்குப் பின் சட்டப்படி எடுக்கப்பட்ட வீட்டுப்பொருள் பட்டியலில் தண்ணீர் நிரப்பி வைக்கும் குழாய் பொருத்திய செம்புக் கலம் ஒன்றும் இடம்பெற்றுள்ளது. அத்தகைய கலத்தை அவர் தனியே வைத்து வரைந்த சிறிய ஓவியம் இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று கால் தாங்கியின்மேல் அமர்ந்த கலம், அருகில் ஒரு வாளி, ஒரு குவளை. அவ்வளவுதான். அதில் தண்ணீர் பிடித்த கை படத்தில் இல்லை. அதை அறிந்தபின் அப்படத்தை வெறும் பாத்திரமாகப் பார்ப்பது எளிதன்று.

பொருள்களுடன் வாழ்ந்தவர்

1744ஆம் ஆண்டு ஷார்தேன், ஓரளவு செல்வமுடைய கைம்பெண்ணான ஃபிரான்சுவாஸ் மார்கரீத் பூழே என்பவரை மணந்தார். பணக்கவலை நீங்கியது. 1752இல் மன்னர் 500 லீவ்ரு ஆண்டு உதவித்தொகை வழங்கினார். 1757இல் லூவர் அரண்மனையிலேயே குடியிருக்க இடமும் கிடைத்தது. இந்த நிம்மதியில் அவர் புதிய மாந்தர்களைத் தேடவில்லை. பழைய பாத்திரங்களிடமே திரும்பினார்.

வெள்ளிக் குவளை ஒன்று அவர் ஓவியங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. அதே செம்புப் பானை, அதே இடிகல், அதே கூசா. பாரிஸில் அன்று விலையுயர்ந்த பீங்கான்களுக்கும் பொற்கலங்களுக்கும் பஞ்சமில்லை. ஷார்தேனோ நாள்தோறும் கைபட்டுத் தேய்ந்தவற்றையே பெரிதும் தேர்ந்தார். பெரும்பாலும் வெறும் சுவர், ஒரு கல்விளிம்பு, அதன்மேல் மூன்று அல்லது நான்கு பொருள்கள். அவற்றைச் சிறிது நகர்த்தி, இடைவெளியைச் சிறிது கூட்டி, மீண்டும் வரைவார்.

அவர் காட்டிய நுட்பம் நிறத்தில் இருக்கிறது. எந்தப் பொருளும் தன் நிறத்தை மட்டும் கொண்டிருப்பதில்லை. செம்புப் பானைக்கு அருகில் வைத்த வெள்ளை முட்டையின் நிழற்பக்கத்தில் செம்பின் செம்மை ஏறும். வெள்ளிக் குவளையில் பக்கத்து ஆப்பிள் மங்கலாகத் தெரியும். பழத்தின் நிறம் மேடைக்கல்லில் கசியும். ஒரே மேடையில் இருப்பவை ஒன்றிடமிருந்து ஒன்று ஒளியைக் கடன் வாங்குகின்றன. நாம் அன்றாடம் கண்டும் காணாத இந்தக் கொடுக்கல் வாங்கலை அவர் விடாமல் பின்தொடர்ந்தார். ஒரே நிறத்தைத் தடிப்பாக ஒருமுறை பூசாமல், வண்ணத்தின்மேல் வண்ணமாக அடுக்கிச் சென்றார். கிட்டே போய்ப் பார்த்தால் திட்டுத்திட்டாகக் குழம்பிக் கிடக்கும். எட்ட நின்றால் பீச்சுப் பழத்தின் மென்பூவும் கண்ணாடிக் குவளையின் தண்ணீரும் தாமே கூடிவரும். தம் காலத்துப் பேரறிஞரும் கலைத் திறனாய்வாளருமான திதரோ இந்த விந்தையைக் கண்டு அவரை மந்திரவாதி என்றே போற்றினார்.

அவர் எங்ஙனம் வரைந்தார் என்பதை அருகிருந்து கண்டவர் அரியர். ஆயத்தக் கோட்டோவியங்களும் அவர் மிகுதியாக விட்டுச் செல்லவில்லை. பொருளை எதிரில் வைத்துக்கொண்டு நேரே திரையிலேயே வரைந்தார். பழம் வாடுமுன், இறைச்சி கெடுமுன் முடிக்க வேண்டும். அவரோ விரைந்து வரையத் தெரியாதவர். அவர் தம் வாழ்நாளில் தீட்டியவற்றுள் இன்று எஞ்சியவை ஏறத்தாழ 200 ஓவியங்களே.

1755இல் கழகத்தின் பொருளாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. கணக்குகள் குழம்பிக் கிடந்த கழகத்தின் பணப்பெட்டியை அவர் சீராக்கினார். அதனோடு, லூவரில் நடைபெறும் சலோன் எனப்படும் பெருங்காட்சியில் யாருடைய ஓவியத்தை எங்கே மாட்டுவது என்று தீர்மானிக்கும் பணியும் சேர்ந்தது. தரையிலிருந்து கூரைவரை சட்டத்தோடு சட்டம் உரச நூற்றுக்கணக்கான படங்களை மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டினால் ஒருவருக்கு வருத்தம். மூலையில் மாட்டினால் மற்றொருவருக்குச் சினம். நூற்றுக்கணக்கான பகைகளைத் தேடித்தரக்கூடிய இப்பணியை அவர் நீண்ட காலம் செய்தார்.

மகன்

தாம் ஏறாத ஏணியில் தம் மகன் ஏற வேண்டும் என்று ஷார்தேன் விரும்பினார். கடைசிப் படியின் பெருமையைப் பிரான்ஸுக்கே காட்டியவர், தம் பிள்ளை உச்சிப் படியில் நிற்க வேண்டும் என்று எண்ணினார். தமக்குக் கிடைக்காத இலத்தீன் கல்வியை அளித்து, ழான் பியேரை வரலாற்று ஓவியராக்கப் பாடுபட்டார். தந்தையின் முரண் இது. ஏணியை நம்பாத கை. அதை முற்றிலும் மறக்க முடியாத மனம்.

1754இல் ழான் பியேர் உரோமைப் பரிசை வென்றான். உரோமில் தங்கி அரசின் செலவில் பயிலும் உரிமை அது. இளம் ஓவியர்களின் கனவு. ஆனால் 1757இல் அவன் புறப்படும் வேளையில், இறந்த தாயின் சொத்துப் பங்கு குறித்துத் தந்தைக்கும் மகனுக்கும் இடையே மனக்கசப்பு எழுந்தது. உரோமில் அவன் கலை எதிர்பார்த்தவாறு தழைக்கவில்லை. 1762இல் நாடு திரும்புகையில் ஜெனோவா அருகே கடலில் ஆங்கிலக் கொள்ளையரிடம் சிக்கி மீண்டான். பின்னர் வெனிஸ் நகருக்குச் சென்றவன் அங்கேயே இறந்துபோனான். கால்வாயில் தானே விழுந்து மாய்ந்தான் என்று பேசப்பட்டது.

1765ஆம் ஆண்டுச் சலோன் காட்சியின்போது ஷார்தேன் திதரோ முதலிய திறனாய்வாளர்களிடம் கூறியவற்றைத் திதரோ பதிவு செய்துள்ளார். படங்களைக் கடிந்து பேசுமுன் சற்று மென்மையாக இருங்கள் என்பதே அவருடைய வேண்டுகோள். ஏழு, எட்டு வயதில் பிள்ளையின் கையில் எழுதுகோலைக் கொடுக்கிறோம். கண், வாய், மூக்கு, காது என்று படிவங்களைப் பார்த்துப் பல ஆண்டுகள் எழுதுகிறான். பிறகு சுண்ணச் சிலைகள். அதன்பின் முதுகு கூனி, விளக்கொளியில், உயிருள்ள மனிதரைப் பார்த்து வரைதல். இத்தனையும் கடந்து பத்தொன்பது, இருபது வயதில் போட்டிக்குச் சென்று தோற்றால், அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது. வாழ வழியும் இல்லை. இங்கே தொங்கும் படங்களுள் மட்டமானதைக்கூட எட்ட இயலாமல் ஒடிந்து போனவர் எத்தனையோ பேர். இவ்வாறெல்லாம் அவர் சொன்னார். பொதுவாகச் சொன்ன செய்திதான். எனினும் அப்பேச்சினுள் ஒரு தந்தையின் குரலும் கேட்கிறது.

மூக்குக் கண்ணாடியும் நிறக்கோலும்

எழுபது வயதை நெருங்கியபோது கண்கள் தளர்ந்தன. ஈயம் கலந்த எண்ணெய் வண்ணங்களோடு நெடுங்காலம் பழகியதே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. அரசு அலுவலர்கள் மாறினர். வரலாற்று ஓவியத்தின் கை மீண்டும் ஓங்கியது. 1774இல் அவர் பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகினார். முதுமையில் ஒதுக்கப்பட்டவராக அவர் அமைதியாக முடங்கியிருக்கலாம். அவரோ எண்ணெய் வண்ணத்தை விட்டு, பாஸ்டல் எனப்படும் நிறக்கோல்களைக் கையில் எடுத்தார். அது அவருக்குப் புதிய ஊடகம். மனித முகமும் அந்த அளவில் அவர் முன்பு வரையாத பொருள்.

எதிரில் வைத்துப் பார்க்க அவர் தேர்ந்த முகங்களுள் ஒன்று தம்முடையதே. 1771ஆம் ஆண்டுத் தன்னுருவில் தலையைத் துணியால் கட்டி, மூக்கில் கண்ணாடி அணிந்து, கழுத்தில் துண்டு சுற்றிய முதியவர் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார். 1775ஆம் ஆண்டுப் படத்தில் கண்களுக்கு மேல் பச்சை நிறக் கண்மறைப்பும் சேர்ந்துவிட்டது. அரசவை உடையோ விருதோ அவற்றில் இல்லை. வீட்டில் வேலை செய்யும்போது இருந்த கோலம். ஒரு பானையைப் பார்த்த அதே நேர்மையோடு தம் சுருக்கங்களையும் சிவந்த இமைகளையும் பார்த்திருக்கிறார். அதே 1775இல் மனைவியின் உருவத்தையும் தீட்டினார்.

1779ஆம் ஆண்டுச் சலோனில் அவர் வைத்த ஒரு பணியாள் சிறுவனின் நிறக்கோல் ஓவியத்தை மன்னர் பதினைந்தாம் லூயியின் மகள் விக்டோர் இளவரசி கண்டு விரும்பினார். விலை கேட்டு அனுப்பியபோது ஷார்தேன் பணம் பெற மறுத்து, ஓவியத்தை அன்பளிப்பாகத் தந்தார். இளவரசி பொன்னாலான பொடி டப்பி ஒன்றை அனுப்பிவைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள், லூவரிலிருந்த தம் இல்லத்தில், எண்பதாம் வயதில் ஷார்தேன் மறைந்தார்.

அவருக்குப் பின் புரட்சி வந்தது, மன்னராட்சி வீழ்ந்தது, சுவைகள் மாறின. வீரமும் தியாகமும் நிறைந்த பேருருவ ஓவியங்களின் காலத்தில் வெங்காயத்தையும் பானையையும் எவரும் தேடவில்லை. அவருடைய படங்கள் மலிவாகக் கைமாறின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் கோன்கூர் சகோதரர் போன்ற எழுத்தாளர்கள் அவரை மீண்டும் கண்டெடுத்தனர். எவரும் நாடாத காலத்தில் அவர் ஓவியங்களை வாங்கிச் சேர்த்த லூயி லா காஸ் என்னும் மருத்துவர், 1869இல் தம் சேகரிப்பை லூவருக்கு வழங்கினார். இளம் மத்தீஸ் லூவரில் அமர்ந்து அந்தத் திருக்கை மீனைப் பார்த்துப் படியெடுத்தார். செசான் தம் ஆப்பிள்களை அடுக்கும்போது ஷார்தேனை நினைத்துக்கொண்டார்.

1761ஆம் ஆண்டுச் சலோனில் அவர் வைத்த சிறிய ஓவியம் ஒன்று உண்டு. ஒரு கூடையில் கோபுரமாகக் குவித்த காட்டு ஸ்ட்ராபெரிப் பழங்கள், ஒரு குவளைத் தண்ணீர், இரண்டு வெள்ளைப் பூக்கள், ஒரு பீச்சுப் பழம், இரண்டு செர்ரிகள். அகலம் அரை மீட்டரும் இல்லை. தனியார் கையில் நெடுங்காலம் இருந்த அப்படம் 2022இல் பாரிஸில் 240 இலட்சம் யூரோவுக்கும் மேலாக ஏலம் போனது. அயல்நாட்டுக்குச் செல்லவிருந்த அதை நாட்டின் அரும்பொருள் என்று அறிவித்துத் தடுத்த பிரெஞ்சு அரசு, விலை திரட்ட அவகாசம் பெற்றது. லூவர் பொதுமக்களிடம் கைநீட்டியது. ஆயிரக்கணக்கானோர் தத்தம் சிறு தொகைகளை அனுப்பினர். 2024ஆம் ஆண்டு முதல் அந்தப் பழக்கூடை, அதை வரைந்தவர் வாழ்ந்து மறைந்த அதே லூவரில் இருக்கிறது.